அழ வைக்கும் கதை கேட்ட அக்காவுக்கு

காரைக்காலில் இருக்கும் பெரியம்மா மகள் போன வாரம் வாட்ஸாப்பில் கேட்டாள்: "அந்தத் தீவுல உக்காந்து என்னதான் படிக்கிற? நல்லா அழ வைக்கிற மாதிரி நாலு கதை சொல்லு. வரலாறு மட்டும் வேணாம்." வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்டு பண்ணி அலமாரியில் அடுக்கிய வீட்டில் வளர்ந்தவள். அவளை அழ வைப்பது லேசில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம்.

நான் இருப்பது ரீயூனியன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. இங்கேயும் பக்கத்துத் தீவான மொரீஷியசிலும் எழுதப்பட்ட கதைகளில் என் மனதில் தங்கியவற்றை நினைத்துப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கிறது. வளர்ந்தவர்களின் காதல், சொத்துத் தகராறு, பழிவாங்கல் எல்லாம் இங்கேயும் எழுதுகிறார்கள், ஆனால் அவை மறந்துபோகின்றன. பிள்ளைகள் மறப்பதில்லை. இதற்கு எனக்குத் தோன்றும் காரணம், இவை பெரியவர்கள் வாய் திறக்காத ஊர்கள் என்பதுதான். நான் இங்கே சேந்த் ஆந்த்ரே என்ற ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பாதி நம்மூர்ப் பெயராக இருக்கும், பிரெஞ்சு எழுத்தில் உருக்குலைந்து. உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று கேட்டால் "இந்தியா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் எங்கள் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, கதை எழுத வந்தவர்கள் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி அதன் கண் வழியாகப் பார்க்க வைக்கிறார்கள்.

முதல் புத்தகம் அக்சேல் கோவான் எழுதிய 'ஃபேம் தான்ஃபான்ஸ்'. பிள்ளைப் பருவத்துப் பசிகள் என்று சொல்லலாம். 1987-இல் பாரிஸில் செய் பதிப்பகம் வெளியிட்டது. கோவான் இந்தத் தீவுக்காரர்களின் பேச்சு மொழியான கிரியோலுக்காக நிறைய உழைத்தவர், கிரியோலிலும் பிரெஞ்சிலும் எழுதுபவர். இந்த நாவலின் பையன் பெயர் சுபாயா. நம் சுப்பையாதான். இங்கே மல்பார் என்று அழைக்கப்படும் நம் வம்சாவளிப் பையன். கதையின் களம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறை, அவ்வளவுதான். கப்பல் இல்லை, சாட்டை இல்லை, கரும்புத் தோட்டத்து மேஸ்திரி இல்லை. தட்டில் என்ன விழுகிறது, யார் எதைச் சாப்பிடுகிறார்கள், வீட்டில் விலக்கப்பட்டதைப் பள்ளியில் எப்படி எதிர்கொள்வது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லீனா என்ற வெள்ளைக்காரப் பெண் என்ன நினைப்பாள். இவ்வளவு சின்ன இடத்துக்குள் சாதி, நிறம், மதம், காதல் எல்லாவற்றையும் அந்த மனிதர் அடைத்துவிட்டார்.

எங்கள் பள்ளி உணவகத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த நாவலுக்குப் பிறகு நான் வேறு மாதிரி கவனிக்கிறேன். காவடி நோன்பு நாட்களில் சில பிள்ளைகள் சத்தமில்லாமல் ரொட்டியும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அக்கா, நீ அழப்போவது பெரிய சாவுக்கோ பிரிவுக்கோ இல்லை, ஒரு தட்டு சாப்பாட்டுக்கு.

கோவானின் இன்னொரு நாவல் 'லெமே', 1990. மார்க்ரித் என்ற பாட்டியிடம் நோயும் நொடியுமாக வந்து சேரும் பேரனின் கதை. அந்தப் பாட்டி அவனைத் தேற்றி எடுக்கிறாள். இரண்டில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் சுப்பையாவை எடு. ஆனால் பாட்டி கையில் வளர்ந்தவர்கள் இதையும் விடக் கூடாது. எச்சரிக்கை ஒன்று: கோவானின் பிரெஞ்சில் கிரியோல் தாராளமாகக் கலந்திருக்கும். புதுச்சேரி லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் நாம் படித்த பிரெஞ்சு சில பக்கங்களில் திணறும். வாய்விட்டுப் படித்தால் தானாகப் புரிந்துவிடுகிறது.

அடுத்து மொரீஷியஸ். இங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். நத்தாஷா அப்பானா அங்கே 1973-இல் பிறந்து இப்போது பிரான்சில் இருப்பவர். அவருடைய முன்னோர் ஆந்திரப் பக்கத்திலிருந்து போனவர்கள். முதல் நாவலான 'லே ரோஷே த பூத்ர் தோர்' (2003) ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் வருவதைப் பற்றியது. பூத்ர் தோர் என்பது மொரீஷியசின் வடகிழக்கில் நிஜமாகவே இருக்கும் ஊர். பெயருக்குப் பொருள் பொன்தூள், கிடைத்ததோ கரும்பு. நல்ல நாவல்தான். ஆனால் நம் ஆட்களின் கதை என்பதற்காக இதைத் தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. ஆளுக்கொரு அத்தியாயம், ஆளுக்கொரு துயரம் என்று அடுக்கும்போது ஒருவர் மேலும் மனம் முழுதாகப் படிவதில்லை.

அவருடைய 'ல தெர்னியே ஃப்ரேர்' (2007) வேறு தரம். கடைசிச் சகோதரன் என்று பொருள். இரண்டாம் உலகப் போர் காலம். நாஜிகளிடமிருந்து தப்பி பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்த யூதர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் மேல், உள்ளே வர அனுமதி இல்லை என்று அப்போது அதை ஆண்ட பிரிட்டிஷ்காரர்கள் அங்கிருந்து மொரீஷியசுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1940 டிசம்பர் முதல் 1945 வரை போ பாசான் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். சேன் மார்த்தான் கல்லறையில் அவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவும் நடந்தது. வரலாறு வேண்டாம் என்றாய், ஆனால் இந்த ஒரு பத்தி தெரியாவிட்டால் கதை கையில் சிக்காது.

கதை ராஜ் என்ற பையனுடையது. மாப்பு என்ற ஊரில் கரும்புத் தோட்டத்துக் குடிசையில் இருந்தவன், இரண்டு சகோதரர்களை ஒரே வெள்ளத்தில் பறிகொடுத்தவன். குடும்பம் போ பாசானுக்கு இடம் பெயர்கிறது. அப்பாவுக்குச் சிறையில் காவல் வேலை. குடித்துவிட்டு வந்து அடிப்பவர். வேலிக்குப் பின்னால் ஒளிந்து சிறையைப் பார்க்கும் ராஜின் கண்ணில் பொன்னிற முடியோடு டேவிட் என்ற பையன் படுகிறான். ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் புரியாது. பள்ளியில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சிறை மருத்துவமனையில் நண்பர்களாகிறார்கள். எழுபது வயதில் ராஜ் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார். டேவிட் பிழைக்கவில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். முடிவு தெரிந்தும் பக்கத்துக்குப் பக்கம், இவன் தப்பித்துவிட மாட்டானா என்று மனம் அடித்துக்கொள்கிறதே, அதுதான் எழுத்துக்காரியின் கெட்டிக்காரத்தனம். ராஜின் அம்மா வருகிற பக்கங்களை மெதுவாகப் படி. பச்சிலை அரைத்துக் காயத்துக்குப் பூசும் அந்தப் பெண் புத்தகம் முழுக்க அதிகம் பேசுவதில்லை. நாவல் ஆங்கிலத்திலும் 'தி லாஸ்ட் பிரதர்' என்ற பெயரில் கிடைக்கிறது.

இனி சித்திரக்கதை. "படம் போட்ட புத்தகமா, எனக்கா?" என்று அக்கா முகத்தைச் சுளிப்பாள். தெரியும். அவள் தம்பிதான் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எல்லாவற்றையும் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவன். இரும்புக்கை மாயாவியில் தொடங்கி கேப்டன் டைகர், 'இரத்தப் படலம்' வரை வாங்கிக் குவித்தவன். அந்த டைகரும் இரத்தப் படலமும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவை. பிரான்சில் சித்திரக்கதை வயது வந்தவர்களின் வாசிப்பு. இந்தத் தீவும் அப்படியே. இங்கே அதை பெதே என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி மூட்டைக்கு நாலு வரிசை தள்ளி அதற்குத் தனி அலமாரி இருக்கும். 1986-லேயே இந்தத் தீவின் ஓவியர்கள் சேர்ந்து 'ல க்ரி த்யூ மர்குயா' என்ற சித்திரக்கதை இதழைத் தொடங்கிவிட்டார்கள். பல்லியின் கூவல் என்று பொருள். நான் இனிச் சொல்லப்போகும் ஆட்களில் பெரும்பாலோர் அந்த இதழ்க் கும்பல்.

இதில் முதலிடம் தெயெம் வரைந்து எழுதிய 'பிமான் ஸ்வாஸோ'வுக்கு (2020). பெயர் நம்மூர் ஊசிமிளகாய் மாதிரி இருக்கும் இங்கத்திய மிளகாயினுடையது. பொருளோ அதைவிடக் காரம். 1960-களின் தொடக்கம் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ரீயூனியன் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரசே விமானமேற்றி பிரான்சின் ஆள் குறைந்த கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. க்ரூஸ் என்ற மாவட்டத்துக்குப் பலர் போனதால் 'க்ரூஸ் பிள்ளைகள்' என்று பெயர் வந்துவிட்டது. இந்தத் தீவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மிஷேல் தெப்ரே காலத்துத் திட்டம். படிக்க வைப்போம், விடுமுறைக்கு வருவார்கள் என்று சொல்லி எழுத்தறியாத தாய்மார்களிடம் கைரேகை வாங்கினார்கள். போன பிள்ளைகளில் சிலருக்குப் பண்ணை வேலை, சிலருக்கு நல்ல வளர்ப்புப் பெற்றோர், பலருக்குத் தன் வீடு எங்கே என்பதே மறந்துபோனது. 2014 பிப்ரவரியில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதில் அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

தெயெம் இதை ஜான் என்ற சிறுவனின் கதையாகச் சொல்கிறார். தங்கையிடமிருந்து பிரிக்கப்பட்டவன். இவர் குழந்தைகளுக்கான சிரிப்புக் கதைகளும் வரைந்தவர். உருண்டைக் கண், எளிய கோடு. அதே கையால் இந்தக் கதையை வரையும்போது ஒரு வஞ்சகம் நடக்கிறது. கண் முதலில் சிரிக்கத் தயாராகிறது, அப்புறம்தான் என்ன பார்க்கிறோம் என்று உறைக்கிறது. பனியில் நிற்கும் ஜானைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் ஆகும். கதைக்கு இடையிடையே உண்மை விவரங்களைச் சொல்லும் பக்கங்கள் வருகின்றன. என் மகள் அவற்றைத் தாண்டிவிட்டுக் கதையை முடித்தாள், மறுநாள் திரும்பி வந்து அவற்றை மட்டும் படித்தாள். அதுவே சரியான முறை என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவரின் அண்ணன் அப்படிப் போனவர். இந்தப் புத்தகத்தை அவரிடம் காட்டலாமா என்று நெடுநாள் யோசித்துவிட்டு, காட்டவில்லை.

அப்போலோ என்ற எழுத்தாளரின் பெயரைக் குறித்துக்கொள். ஓவியர் மாறினாலும் அவர் கதை சோடை போகாது. செர்ஜ் உவோ-சாவோ-சி வரைந்த 'ல க்ரிப் கொலோனியால்' இரண்டு பாகம், 2003-இலும் 2012-இலும் வந்தது. முதல் பாகத்தை வாங்கியவர்கள் ஒன்பது வருஷம் காத்திருந்தார்கள், பாவம். 1919-இல் முதல் உலகப் போர் முடிந்து ரீயூனியன் சிப்பாய்கள் மடோனா என்ற கப்பலில் திரும்புகிறார்கள். கூடவே ஸ்பானிஷ் காய்ச்சலும் இறங்குகிறது. போரில் ஒரே பதுங்குகுழியில் கிடந்த நான்கு நண்பர்கள், ஊர் திரும்பியதும் தோலின் நிறப்படி பிரிந்து நிற்க வேண்டியிருக்கிறது. வசதி உள்ளவர்கள் மலைக்கு ஓடுகிறார்கள், கீழே பிணம் எடுக்க ஆளில்லை. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது இதை மறுபடி எடுத்துப் படித்தேன். சிரிப்பும் வருகிறது, அடிவயிறும் கலங்குகிறது. நிறம் தீட்டியிருக்கும் விதம் இந்தத் தீவின் தலைநகரான சேன் தெனியின் வெயிலில் காய்ந்த பழைய தெருக்களை அப்படியே கொண்டுவருகிறது.

அதே அப்போலோ லூயிஸ் த்ரோன்தைமோடு சேர்ந்து செய்தது 'ஈல் பூர்போன் 1730' (2007). கறுப்பு வெள்ளை, ஆட்களுக்கு விலங்கு முகம். டோடோ பறவையைத் தேடி வரும் இரண்டு பேர், தூக்குக்குக் காத்திருக்கும் லா பூஸ் என்ற கொள்ளையன், தோட்டத்திலிருந்து தப்பி மலைக்குள் வாழும் அடிமைகள். லா பூஸை 1730-இல் சேன் போலில் நிஜமாகவே தூக்கிலிட்டார்கள். முதல் ஐம்பது பக்கம் எங்கே போகிறது என்று புரியாது, விடாதே. ஆங்கிலத்திலும் உண்டு. 'க்ரோனிக் த்யூ லெயோபார்' (2018) அப்போலோவும் தெயெமும் சேர்ந்தது. 1942-இல், ஹிட்லரோடு ஒத்துப்போன விஷி அரசின் ஆட்சியின் கீழ் சேன் தெனி லிசேயில் படிக்கும் இரண்டு பையன்கள். நவம்பர் 28-ஆம் தேதி அந்த அரசை எதிர்த்த தெ கோலின் ஆட்களைச் சுமந்து லெயோபார் கப்பல் வந்ததோடு ஆட்சி கவிழ்ந்தது. இதை என் மகள் வகுப்பே கைமாற்றிப் படித்தது. எனக்குக் கொஞ்சம் நீளம்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் நீயே எனக்குக் கொடுத்தாய். இங்கே வந்தபின் திரும்பப் படித்தால் வேறு புத்தகமாக இருக்கிறது. அதில் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்சோடு மல்லுக்கு நிற்கும் லபூர்தொனே இந்த இரண்டு தீவுகளுக்கும் ஆளுநராக இருந்தவர். சேன் தெனியில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு, அதில் நடக்கும்போதெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை குறிப்பேட்டோடு பின்னால் வருவதுபோல் இருக்கும். நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்' மொரீஷியசுக்குப் போன பழைய தமிழர்களை எடுத்துக்கொண்ட நாவல். தகவல் கதையை முந்திக்கொண்டு ஓடும் இடங்கள் உண்டு, ஆனாலும் நம் மொழியில் இந்தக் கடலைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. சிறுகதை என்றால் புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'. அதன் நாயகி மருதி போனது இலங்கைத் தேயிலைத் தோட்டம், இங்கே கரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் கடைசிப் பகுதியில் மகள் வெள்ளைச்சி வரும்போது, பார், அங்கேயும் ஒரு பிள்ளை. படக்கதையைத் தமிழிலேயே தொடங்க வேண்டுமானால் அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு ஓவியர்கள் வரைந்த 'பீமாயணம்' காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கும்.

வேண்டாம் என்று ஒன்றும் சொல்ல வேண்டும். மொரீஷியஸ் என்றதும் எல்லோரும் நீட்டும் பிரெஞ்சு நாவல் 'போல் எ விர்ஜினி', 1788-இல் வந்தது. கப்பல் மூழ்கும்போதுகூட மானம் பெரிதென்று உடையைக் களைய மறுத்து விர்ஜினி கடலில் போய்விடுவாள். அக்கா கண்டிப்பாக அழுவாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைசியாக ஆனந்த தேவியின் 'ஏவ் த சே தெகோம்ப்ர்', 2006. இதை அக்காவுக்குப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மொரீஷியசின் தலைநகர் போர்ட் லூயிசின் ஓரத்தில் ட்ரூமாரோன் என்ற கற்பனைக் குடியிருப்பு. ஏவ், சவிதா, சாதிக், கிளேலியோ என்று நான்கு விடலைகள் மாறி மாறித் தங்கள் குரலில் பேசுகிறார்கள். சுற்றுலா விளம்பரத்துக் கடற்கரையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இப்படி ஒரு வாழ்க்கை. ஏவ் தன் உடம்பைப் பென்சிலுக்கும் நோட்டுக்கும் பண்டமாற்றாகத் தொடங்கிய கதையைத் துளி அழுகை இல்லாமல் சொல்கிறாள். மெல்லிய புத்தகம், ஆனால் ஒரே இரவில் படித்து முடிக்க என்னால் முடியவில்லை. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

பதினேழு வயதாகும் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளி நூலகத்திலிருந்து எப்போதோ எடுத்து முடித்துவிட்டிருக்கிறாள். எப்படி இருந்தது என்றேன். "ஏவ் எனக்குப் பிடிச்சா. நீ சாதிக் பக்கம்தான் இருப்ப, எனக்குத் தெரியும்" என்றாள். சாதிக் பிரெஞ்சுக் கவிஞர் ரைம்போவின் கவிதையைச் சுவரில் எழுதும் பையன், ஏவ்மீது காதல். ஆமாம், நான் அவன் பக்கம்தான். அவன் காதல் அவளுக்கு என்ன உதவி செய்தது, சும்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தான் என்று மகள் கேட்கிறாள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. நேற்று இரவுச் சாப்பாட்டின்போதும் நடந்தது, அவள் அப்பா நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினார்.